பூசினாற்போல் ஆன முகம்

மின்சார ரயில் சானடோரியம் ஸ்டேஷனை நெருங்கும்போது யாராவது ஒருவர் எனக்கு வழிவிடுவார். நான் அங்கே இறங்குகிறவள் அல்ல. தாம்பரத்தில் ஏறிக் குரோம்பேட்டையில் இறங்குகிறவள். சானடோரியம் இடையில் வரும். காசநோய்க்கு (நுரையீரலை அரிக்கும் டி.பி.) வைத்தியம் பார்க்கும் இடம் அங்கே இருப்பதால், கழுத்தெலும்பு தெரிகிற யாரையும் அந்த வண்டியில் வருகிறவர்கள் அங்கேதான் இறக்கிவிடப் பார்ப்பார்கள்.

"இறங்கலையாம்மா?" என்று ஒருநாள் ஒரு அம்மாள் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் வேறு பெட்டியில் ஏறினேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் இது உங்களுக்காக எழுதியது. ஒல்லியானவர்களுக்கு யோசனை சொல்லும் பழக்கம் உள்ளவர்களும் படிக்கலாம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்துநான்கு வயது. எடை முப்பத்தாறு கிலோ. குரோம்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் சேகருக்குப் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சேலையூரில் வாடகை வீடு. எங்களோடு அவருடைய அம்மா இருந்தார். அத்தை என்று கூப்பிடுவேன். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பேச்சும் அப்படியே இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியும் எங்களுக்குக் குழந்தை இல்லை.

அத்தை கெட்டவர் இல்லை, பயந்தவர். என் தம்ளரைத் தனியாக வைத்திருந்தார். மாறிவிடக் கூடாது என்று அதன் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டும் வைத்திருந்தார். அதை நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். நானும் பார்க்காதவள்போலவே காபி குடித்தேன்.

சேகர் என்னை அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார். சளியும் பரிசோதித்தார்கள். எல்லாம் சுத்தம்.

"உங்க அப்பா எப்படி இருப்பாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"என்னை மாதிரிதான் சார்."

"அப்ப இது உங்க உடம்பு வாகும்மா. வியாதி இல்ல. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க, போதும்."

இதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் அத்தை பக்கத்து வீட்டு அம்மாளிடம் சுவருக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஒண்ணும் இல்லியாம். இவங்க அப்பாரு முன்னாடியே போயி டாக்டரைக் கவனிச்சிட்டு வந்திருப்பாரு. யாருக்குத் தெரியும்?"

அதன் பிறகு ஒரு பேச்சு அடிக்கடி வந்தது. உடம்பு தேறும் வரை நான் ஊரப்பாக்கத்தில் அப்பா வீட்டில் போய் இருக்கலாமே என்று. அத்தை கரிசனமாகத்தான் சொன்னார். உடம்பு தேறும் வரை என்று அனுப்பப்பட்ட பெண்களில் திரும்பக் கூப்பிடப்படாதவர்களை எனக்குத் தெரியும். சேகர் இந்தப் பேச்சு வந்தால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்.

அப்போதுதான் பொடி வந்தது.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு வைத்தியர் கடை போட்டிருந்தார். அத்தை மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக அவரிடம்தான் பொடி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவர் அந்தப் பொடியால் கோயில் பிரகாரம் சுற்ற ஆரம்பித்தார் என்பது எங்கள் தெருவே அறிந்த செய்தி. என்னையும் அங்கே கூட்டிப்போனார்.

வைத்தியர் என் மணிக்கட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, காத்தடிச்சா பறந்துடுவ போல கீது. கவலையே படாத. ரெண்டே மாசம், உன் வூட்டுக்காரரே உன்னை அடையாளம் கண்டுக்கமாட்டாரு."

எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டினார். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் அளக்கும்போது விரல் படிக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறவள். தனிப் பொட்டலம் என்றதும் எனக்குள் மணி அடித்தது. தம்ளரைத் தனியாக வைத்தவர்கள் மருந்தையும் தனியாகக் கொடுத்தால் என்ன அர்த்தம்?

"எனக்குத் தனியா வேணாம் அத்தை. உங்க டப்பாலேர்ந்தே குடுங்க" என்றேன்.

அத்தை வைத்தியரைப் பார்த்தார். அவர் சிரித்தார். "குடேம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

அத்தை தானே சாப்பிடுகிறதில் விஷம் இருக்காது என்பது என் கணக்கு. மிகவும் சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக எண்ணி அன்று சந்தோஷமாகப் படுத்தேன். மூட்டுவலிக்கும் ஒல்லி உடம்புக்கும் எப்படி ஒரே பொடி ஆகும் என்று கேட்க வேண்டியவள், கேட்கவில்லை. ஊரில் எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு, சந்தேகப்பட வேண்டியதைக் கோட்டைவிட்டேன்.

பொடி வேலை செய்தது. முதலில் பசி வந்தது. அப்படி ஒரு பசியை நான் அறிந்ததில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தூக்கம் குறைந்தது, சுறுசுறுப்பு கூடியது. டைப் அடிக்கும் வேகம்கூட ஏறியது. பிறகு கன்னம் உப்பியது. கழுத்தெலும்பு மறைந்தது. ரயிலில் வழிவிடுவது நின்றது. மாவு மில்லில், பஸ் ஸ்டாண்டில், பெண்கள் என்னை நிறுத்தி என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள்.

"பூசினாப்புல ஆயிட்டா என் மருமவ" என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார். ஒரு நாள் காலையில் காபித் தம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பொட்டு இல்லை. சமையலறையிலேயே நின்று அழுதேன்.

ஆனாலும் சில விஷயங்கள் சரியாகப் படவில்லை. சதை எல்லாம் முகத்திலும் வயிற்றிலும்தான் ஏறியது. கையும் காலும் பழைய குச்சிகள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்ற வேண்டியிருந்தது. ஸ்டேஷன் மேம்பாலப் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். வயிற்றின் இரு பக்கமும் ஊதா நிறத்தில் கோடுகள் வந்தன. லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போனது. நன்றாகக் கொழுத்திருக்கிறேன், ஆனால் பலம் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு மாதவிலக்கு நின்றது.

அத்தை நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இரண்டாவது மாதமும் வராமல் போனபோது என்னைச் சாமி படத்தின் முன்னால் நிறுத்தி நெற்றியில் விபூதி வைத்தார். வயிறு, முகத்தின் பூரிப்பு, கோடுகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் கிடைத்துவிட்டது. மூன்று மாதம் முடியும் முன்னால் டாக்டரிடம் போனால் கண் பட்டுவிடும் என்று போக விடவில்லை. ஆனால் தெரு முழுக்க அவரே சொல்லிவிட்டார். சேகர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அன்றே பொடியை நிறுத்தச் சொன்னார் அத்தை. "வவுத்துல புள்ளையை வெச்சிகினு சூட்டு மருந்து துன்னக்கூடாது." நியாயமாகத்தான் பட்டது. நிறுத்தினேன்.

சில நாளில் வாந்தி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலை சுற்றியது. உடம்பெல்லாம் வலி, நாக்கில் எதுவும் ஒட்டவில்லை, கையைத் தூக்கச் சக்தியில்லை. அத்தைக்கோ தலைகால் புரியாத ஆனந்தம். "மசக்கைன்னா இப்படித்தான் இருக்கணும். சேகரு வவுத்துல இருந்தப்போ நானும் இப்படித்தான் கெடந்தேன்" என்று எலுமிச்சங்காய் ஊறுகாயை நீட்டினார்.

நான் படுத்தபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லாத ஒரு சந்தேகம் உள்ளே நெளிந்தது. கர்ப்பம் என்றால் வயிறு பெரிதாக வேண்டாமா? என் முகம் வற்றிக்கொண்டிருந்தது. மார்பில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே யாரோ இருப்பதாக ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஆனால் இந்தச் சந்தேகம் மட்டும் பொய்யாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இன்ஸ்டிடியூட்டில் ஒரு மாணவியின் தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து நினைவு வந்தபோது ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு நர்சிங் ஹோமின் தாழ்வாரத்தில், சக்கரக் கட்டிலில் கிடந்தேன். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சேகர் ஒரு நர்ஸிடம் "மாசமா இருக்காங்க, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னை உள்ளே ஓர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லேடி டாக்டர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறுநீரைப் பரிசோதித்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார், அந்த ஊதாக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது.

"என்ன மருந்தும்மா சாப்பிட்டுட்டு இருந்தீங்க?"

"மருந்து எதுவும் இல்ல டாக்டர். நாட்டுப் பொடிதான்."

"எப்ப நிறுத்தினீங்க?"

சொன்னேன். அவர் சேகரை உள்ளே கூப்பிட்டார். "இவங்க கர்ப்பமா இல்ல. அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கணும்" என்றார்.

ஸ்டீராய்டு (நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பிகள் தாமாகவே சுரக்கிற ஒன்றின் செயற்கை வடிவம், வீக்கம், வலி, இழுப்புக்குச் சட்டென்று கேட்கும், பசியைத் தூண்டும், முகத்தை நிலாபோல் உப்ப வைக்கும்). இதை அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் தசை கரையும், மாதவிலக்கு நிற்கும்.

"ஏறினது ஆரோக்கியம் இல்லம்மா. கொழுப்பும் நீரும்தான்" என்றார். அதைவிட முக்கியமானதை அடுத்துச் சொன்னார். "தினம் வாசல்ல தண்ணி லாரி வந்தா யாராவது கிணத்து மோட்டாரைப் போடுவாங்களா? அது துருப்பிடிச்சுக் கிடக்கும். திடீர்னு ஒருநாள் லாரி நின்னுபோச்சுன்னா, வீட்ல சொட்டுத் தண்ணி இருக்காது. உங்க சுரப்பிதான் அந்த மோட்டார். பொடியைச் சட்டுனு நிறுத்தினதும் இதேதான் ஆச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

மசக்கை என்று நாங்கள் கொண்டாடியது இதைத்தான்.

சேகர் வெளியே போய்த் தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்து நின்றார். நான் அழுதேன். இல்லாத குழந்தைக்காக அழலாமா என்று நீங்கள் கேட்கலாம். அழலாம். எனக்கு அது இறந்துபோனது.

வைத்தியம் என்னவென்றால், அதே ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பியை எழுப்புவது. கெடுதல் என்று சொன்ன வாயாலேயே அதைச் சாப்பிடச் சொல்கிறாரே என்று எனக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, நர்ஸ் போன பிறகு துப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அதே மருந்தை முதலில் ஊசியாகப் போட்ட சில மணி நேரத்தில் நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அதனால் விழுங்கினேன்.

அன்று மாலை அத்தை என்னைப் பார்க்க வந்தார். சேகர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கதவருகிலேயே நின்றார்.

"டப்பாவைச் சாக்கடைல வீசிட்டேன்" என்றார். "இனி அந்தக் கருமம் வூட்டுக்குள்ள வராது."

எனக்கு அது உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அத்தையும் சட்டென்று நிறுத்திவிட்டார். நான் சாப்பிட்டது சில மாதம். அவர் இரண்டு வருடம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலாகப் பேசிய பேச்சு, அப்பா வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்த இருட்டிக்கொண்டு வந்த கண்ணை இன்னொருவருக்கு நான் விரும்பமாட்டேன்.

"அத்தை, நீங்களும் டாக்டர்கிட்ட காட்டணும். நிறுத்தினா எனக்கு ஆனதே உங்களுக்கும் ஆகும்."

"ஆவட்டும்."

"இது விளையாட்டு இல்ல அத்தை."

"ஆவட்டும்னு சொல்றேன் இல்ல? புள்ள புள்ளன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச வாய் இது. உன்னை இட்டுகினு போயி அவன்கிட்ட வுட்டது நானு. படட்டும்." சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுந்து போய் அவர் கையைப் பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை. "நீங்க விழுந்தா உங்களைத் தூக்க எனக்கு பலம் இல்ல. நான் எழுந்து நிக்கறவரைக்கும் நீங்க நிக்கணும்" என்றேன். நெடுநேரம் கழித்து டாக்டரின் அறைக்குப் போனார்.

இப்படித்தான் மாமியாரும் மருமகளும் ஒரே மருந்தைச் சாப்பிட்டு, ஒரே மருந்தைக் குறைத்தோம். அளவு மட்டும் வேறு. அத்தைக்கு டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை. தினமும் காலையில் நான் விழுங்குகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைப் போட்டுக்கொள்வார். அளவு குறையக் குறைய அவருடைய மூட்டுவலி திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

சேகர் வைத்தியரிடம் போய்ச் சண்டை போட்டார். "உன் பொண்டாட்டிக்கு உடம்பு ஏறுச்சா இல்லியா? புள்ள குடுப்பேன்னு நான் சொன்னேனா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அந்தக் கடை முன்னால் கூட்டம் குறையவே இல்லை.

என் முகம் வற்றியது. வந்த எடை வந்த வழியே போனது. ரயிலில் மறுபடியும் வழிவிட ஆரம்பித்தார்கள். பழைய எடைக்கே திரும்பிய அன்று, இனி என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மெதுவா ஏறணும். மெதுவா ஏறினாதான் நிக்கும்" என்றார். ஒரே வேளையில் திணிக்காமல் இடையிடையே சாப்பிடச் சொன்னார். அவித்த வேர்க்கடலை, முட்டை, தயிர், வாழைப்பழம், எள்ளுருண்டை. இன்ஸ்டிடியூட் மேஜை இழுப்பறையில் தாள்களுக்குப் பக்கத்தில் கடலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரையும் காபியையும் குடித்து வயிற்றை ரொப்பாதே என்றார். தசை வளர உடம்புக்கு வேலையும் வேண்டும் என்று சொன்னதால், அடிபம்புத் தண்ணீரை முதலில் அரைக் குடமும் பிறகு முழுக் குடமுமாக நானே தூக்கினேன். எடை மெஷினைத் தினமும் பார்க்காதே, கம்பியைப் பிடிக்காமல் படியேற முடிகிறதா என்று பார் என்றார்.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். எடை காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனால் டாக்டரைப் பாருங்கள். பிறவியிலேயே ஒல்லி என்றால், சீக்கிரம் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்கிற எவரையும் சந்தேகப்படுங்கள். பல வியாதிக்கு ஒரே மருந்து என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுச் சட்டென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

பிறகு குழந்தை பிறந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சொல்லமாட்டேன். பிறந்திருந்தால் என் உடம்பு தேறியது என்றும், பிறக்காவிட்டால் தேறவில்லை என்றும் கணக்குப் போடுவீர்கள். அந்தத் தராசில் நான் போதுமான அளவு நின்றாகிவிட்டது.

தேறியது எப்போது என்று மட்டும் சொல்கிறேன்.

மாத்திரை முற்றிலும் நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் காலையில் குடத்தை இறக்கி வைத்தபோது அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு. போய்ப் பார்த்தேன். வந்திருந்தது. முன்பெல்லாம் அந்த வீட்டில் அது வரும் நாள் துக்க நாள். நான் பின்கட்டில் போய் உட்காருவேன். அத்தை பெருமூச்சு விட்டபடி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார். அன்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பழக்கத்தில் பின்கட்டில் போய் உட்கார்ந்து, "அத்தை" என்று கூப்பிட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். புரிந்துகொண்டார். உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், பழைய கதை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உளுந்து வறுபடும் வாசனை வந்தது. பிறகு திருகைக்கல் சத்தம், கருப்பட்டி காயும் வாசனை. முழங்கால் வலியோடு அவர் அடுப்படியில் நின்று கிண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

உளுந்தங்களி. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலப்படுவதற்காகக் கொடுப்பது. எனக்கு அப்போது இருபத்தாறு முடிந்திருந்தது. தட்டைத் தள்ளி வைக்காமல், சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கி, என்னை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றினார்.

"துன்னு" என்றார். "சூடா கீது, மெதுவா துன்னு. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரம் இல்லைதான். நான் கூப்பிட்டுப் பார்த்தும், விரட்டிப் பார்த்தும் வராத உடம்பு, தன் பாட்டுக்குத் தனக்குத் தோன்றிய நேரத்தில் திரும்பி வந்திருந்தது. நான் களியைப் பிட்டு வாயில் போட்டேன். நாக்கு சுட்டது. எனக்குப் பசித்தது. பொடி கொடுத்த பசி இல்லை, என் பசி.